எப்போது வேலைக்குத் திரும்பலாம்? கருக்குழாய்க் கர்ப்பம் குறித்து வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கரு, கருப்பைக்குள் வந்து தங்காமல் வழியிலேயே கருக்குழாயில் ஒட்டிக்கொண்டு வளரத் தொடங்குவதைக் கருக்குழாய்க் கர்ப்பம் என்கிறோம். மருத்துவமனையில் 'எக்டோபிக்' என்பார்கள். வீடுகளில் 'டியூபில் கரு தங்கிவிட்டது' என்பார்கள். நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ கருப்பைக்கு வெளியே தங்குகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை குழாயில்தான். இந்த மாதம் இது குறித்து நான்கு கடிதங்கள் வந்துள்ளன. நால்வரின் சிகிச்சையும் வேறு வேறு என்பதால் எல்லோருக்கும் ஒரே நாள் கணக்கைச் சொல்வது சரியாக இராது. தனித்தனியாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக இருக்கிறேன். வயது 27. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரத்தில், தைத்துக்கொண்டிருக்கும்போதே அடிவயிறு வலித்து மயங்கி விழுந்துவிட்டேன். குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் சேர்ந்துவிட்டது என்று சொல்லி, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்து வலது குழாயை எடுத்தார்கள். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஹீமோகுளோபின் 8. இன்றோடு 24 நாள் ஆகிறது. தையல் ஆறிவிட்டது, ஆனால் குளித்துவிட்டு வந்தாலே மூச்சு வாங்குகிறது. ஆர்டர் முடிக்க வேண்டும், அடுத்த வாரம் வா என்கிறார்கள். குழந்தை பிறக்கவில்லையே, எதற்கு இத்தனை நாள் லீவு என்றும் கேட்கிறார்கள். போகலாமா அம்மா? சம்பளத்துக்கு வழி உண்டா?

பதில்: அடுத்த வாரம் போக வேண்டாம், சகோதரி. உங்களைக் கூப்பிடுகிறவர்கள் தையல் ஆறியதை மட்டும் பார்க்கிறார்கள். தோல் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒட்டிவிடும். அதற்கு அடியில் வயிற்றைத் தாங்கி நிற்கும் உறுதியான சவ்வு, பாரம் தாங்கும் அளவுக்கு வலுப்பெற ஆறு வாரமாவது எடுக்கும். அந்தச் சவ்வு வலுப்பெறும் முன்னர் இழுபட்டால், பின்னாளில் தழும்பின் வழியே குடலிறக்கம் வரக்கூடும். ஆகவே தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், நனைந்த துணி நிறைந்த வாளி ஆகியவற்றை ஆறு வாரம் வரை நீங்கள் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் பதினைந்து கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதை வீட்டில் இருப்பவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

ஆனால் உங்களுக்கு மூச்சு வாங்குவது தையலால் அன்று, ரத்தக் குறைவால். கருவுறாத வயதுவந்த பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். உங்களுக்கு 8 என்றால், உடல் முழுவதற்கும் உயிர்வளியைச் சுமந்து செல்லும் பொருளில் மூன்றில் ஒரு பங்கு இல்லை என்று பொருள். உயிரைக் காக்கத் தேவையான அளவுக்குத்தான் ரத்தம் ஏற்றுவார்கள். மீதியை உங்கள் எலும்பு மஜ்ஜைதான் உருவாக்க வேண்டும். அதற்கு இரும்புச் சத்து வேண்டும். அரை லிட்டர் ரத்தம் போனால் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு அதனோடு போய்விடுகிறது. நல்ல உணவிலிருந்து கூட உடல் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் உறிஞ்சிக்கொள்கிறது. பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் முருங்கைக் கீரையும் நல்லவையே என்றாலும், உங்கள் இழப்பை அவற்றால் மட்டும் சில வாரங்களில் ஈடுகட்ட இயலாது என்று சொல்வதற்காகவே இந்தக் கணக்கை எழுதினேன்.

மருத்துவர் தந்த இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். அதை எலுமிச்சைச் சாற்றுடன் எடுத்துக்கொள்வது நல்லது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் இயல்பு. அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிற பெண்கள் பலர். மலச்சிக்கலோ வயிற்று எரிச்சலோ தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரையோ, நரம்பு வழியே செலுத்தும் இரும்பு ஊசியோ தர முடியும். மாத்திரை உடலில் சேர்கிறது என்றால் மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ இரண்டு புள்ளி கூடும். அளவு 12-ஐத் தொட்ட பின்னரும் மூன்று மாதம் தொடர வேண்டும். உடலின் இருப்பு அப்போதுதான் நிரம்பும்.

ஆறு வாரம் முடியும்போது ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவரிடம் காட்டிவிட்டு வேலைக்குப் போவதைத் தீர்மானியுங்கள். அப்போதும் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் இருந்தால் இன்னும் சில வாரம் தள்ளிப்போடுவதே என் பரிந்துரை. மெஷின் முன் நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்து, பெடலை மிதித்து, துணிக் கட்டை இழுத்துப் போட்டுத் தைப்பதை உட்கார்ந்து செய்யும் லேசான வேலை என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் அடிவயிறு ஓயாமல் மடங்குகிறது, இழுபடுகிறது. முதல் இரண்டு வாரம் அரை ஷிப்ட் கேளுங்கள், ஓவர்டைமும் நைட்டும் வேண்டாம், கட்டைத் தூக்கித் தர ஹெல்பர் வேண்டும் என்று மருத்துவரின் சான்றிதழிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம். அதற்காக இப்போது படுத்தே கிடக்கவும் வேண்டாம். காலில் ரத்தம் உறையாமல் இருக்க, வீட்டுக்குள்ளும் தெருவிலும் காலையும் மாலையும் நடந்து, நாள்தோறும் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டுங்கள்.

இனிச் சம்பளம். மகப்பேறு நலச் சட்டம் 1961-இல் வந்தது. அதன் விதிகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன. கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. கர்ப்பத்தால் உண்டான நோய்க்கு மேலும் ஒரு மாதம் வரை உண்டு. 'குழந்தை பிறக்கவில்லையே' என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் ஒரு சிக்கலை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. கருச்சிதைவு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில், கருவுற்ற கருப்பையில் இருப்பது வெளியேறுவது என்ற பொருளில் சொற்கள் அமைந்துள்ளன. உங்கள் கரு தங்கியது குழாயில். இதைச் சொல்லி மறுக்கிற நிர்வாகங்கள் இருக்கின்றன. கர்ப்பத்தை இழந்து, அதோடு வயிற்றில் அறுவை சிகிச்சையும் செய்துகொண்ட பெண்ணுக்குக் கருச்சிதைவு கண்ட பெண்ணைவிடக் குறைந்த ஓய்வு என்பது எந்த வகையிலும் நியாயமாகாது. அந்தச் சொற்கள் திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது, சான்றிதழில் 'வயிற்று அறுவை சிகிச்சை' என்று மட்டும் எழுதி வாங்காமல், 'கருக்குழாய்க் கர்ப்பம், குழாய் வெடிப்பு, கர்ப்ப இழப்பு, குழாய் அகற்றம், அதனால் உண்டான ரத்தசோகை' என்று முழுவதையும் எழுதித் தரச் சொல்வதே. கர்ப்பத்தால் உண்டான நோய் என்பது அப்போது ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுபவர் என்றால், டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் ஸ்கேன் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு இந்த வாரமே போங்கள். நீங்கள் போக முடியாவிட்டால் வீட்டில் ஒருவரை அனுப்பி விசாரியுங்கள். மகப்பேறு உதவியாக ஏற்றுக்கொண்டால் முழுச் சம்பள அளவுக்குப் பணம் வரும். ஏற்காவிட்டாலும், தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் பெற வழி இருக்கிறது. இந்தச் சட்டப்படியான விடுப்பில் இருக்கும் பெண்ணை அதே காரணத்துக்காக வேலையை விட்டு நீக்குவதும் சட்டத்துக்கு மாறானது.

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் தனியார் பள்ளி ஆசிரியை நான். லேப்ராஸ்கோபி மூலம் கருவை மட்டும் எடுத்துவிட்டுக் குழாயைக் காப்பாற்றியிருக்கிறார்கள். பத்து நாள் ஆகிறது. மூன்று சிறிய துளைகள்தானே என்று தலைமையாசிரியை நாளையே வரச் சொல்கிறார். தோள்பட்டை வலி மூன்று நாளில் போய்விட்டது. ஆனால் மாலையானால் உடம்பு அசந்துவிடுகிறது, சிறிதளவு உதிரப்போக்கும் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த பிறகும் வாராவாரம் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்வது ஏன்?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் மிக முக்கியமானது. குழாயைக் காப்பாற்றிக் கருவை மட்டும் எடுக்கும்போது, நஞ்சுக்கொடித் திசுவின் மிகச் சிறிய துணுக்குகள் குழாயின் சுவரில் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. அவை மீண்டும் வளரத் தொடங்கினால் அந்தத் திசு சுரக்கும் 'பீட்டா எச்.சி.ஜி.' என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவு ரத்தத்தில் குறையாமல் நிற்கும் அல்லது ஏறும். இப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர் வரைக்கும் ஊசியோ மறு அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம் என்பதால்தான், அந்த அளவு முற்றிலும் இறங்கும்வரை வாரந்தோறும் பார்க்கிறார்கள். பள்ளியில் பரீட்சை இருந்தாலும், ஆண்டுவிழா இருந்தாலும் அந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

தோள்பட்டை வலி, வயிற்றை விரிக்கச் செலுத்திய கரியமில வாயுவால் வந்தது. இரண்டு மூன்று நாளில் போவதே வழக்கம். போன வலி இப்போது மீண்டும் தோளின் நுனியில் வந்தால், அதோடு தலைசுற்றலோ வயிற்று வலியோ இருந்தால், உள்ளே ரத்தம் கசிகிறது என்று கருதி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனைகிற உதிரப்போக்கு ஆகியவையும் அப்படியே. நீங்கள் சொல்லும் சிறிதளவு உதிரப்போக்கு இரண்டு வாரம் வரை, சிலருக்கு அதற்கும் மேல், நீடிக்கலாம். மாதவிலக்கு பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் வரும். முதல் முறை வழக்கத்தைவிட வலியும் போக்கும் கூடுதலாக இருக்கலாம்.

லேப்ராஸ்கோபிக்குப் பின் பெரும்பாலோர் இரண்டிலிருந்து மூன்று வாரத்தில் வேலைக்குத் திரும்புகிறார்கள். உங்கள் வேலையில் ஒரு தனிச் சிரமம் இருக்கிறது: நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்குக் கேட்கும்படி உரக்கப் பேசுவது வயிற்றுத் தசையின் வேலை. அதனால் மூன்றாம் வாரம் முடிந்து, முதலில் சில பாடவேளைகள் மட்டும், நாற்காலியில் அமர்ந்து, முடிந்தால் தரைத்தள வகுப்புகளில் எடுப்பதாகக் கேளுங்கள். வகுப்பு இடைவேளையில் நாப்கின் மாற்றவும் உட்காரவும் நேரம் வேண்டும் என்பதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஸ்கூட்டரில் போகிறவர் என்றால், வண்டியை நிறுத்தி வைத்தபடியே உட்கார்ந்து சட்டென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்றிப் பாருங்கள். வயிற்றில் சுருக்கென்று பிடித்தால் இன்னும் சில நாள் பொறுத்திருங்கள்.

கேள்வி: சென்னையில் ஐ.டி. நிறுவனத்தில் வேலை. ஆபரேஷன் இல்லாமல் மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். நான்காம் நாள் பரிசோதனையில் பீட்டா எச்.சி.ஜி. அளவு கூடியிருந்தது, வலியும் இருந்தது. ஊருக்குப் போய் அம்மாவிடம் இருக்கலாமா? உடம்பு தேற முருங்கைக் கீரை சூப் தினமும் கொடுக்கிறார்கள்.

பதில்: நான்காம் நாள் அளவு கூடுவது பலருக்கும் நேர்வதே. நான்காம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே அது 15 சதவீதமாவது குறைகிறதா என்பதைத்தான் மருத்துவர் பார்ப்பார்; குறைந்தால் அதன் பின் வாராவாரம் பார்ப்பார். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை வயிறு வலிப்பதும், கரு குழாயிலிருந்து விடுபடும்போது பலருக்கு உண்டாவது. ஆனால் அளவு இறங்கிக்கொண்டிருக்கும் காலத்திலும் குழாய் வெடிக்கக்கூடும். எனவே அவசர அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனை அருகில் இல்லாத ஊருக்கு இப்போது போகாதீர்கள். அம்மாவை உங்களிடம் வரச் சொல்லுங்கள். வீட்டில் இரவில் தனியாக இருக்க வேண்டாம்.

கீரை சூப்பை அன்போடு தருகிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் உங்களுக்குப் போட்ட மெத்தோட்ரெக்சேட், வளரும் செல்லுக்கு ஃபோலிக் அமிலம் பயன்படாமல் தடுத்துத்தான் வேலை செய்கிறது. ஃபோலிக் அமிலம் சேர்ந்த சத்து மாத்திரைகளை நிறுத்திவிடுங்கள். கீரை, பயறு போன்ற ஃபோலேட் மிகுந்த உணவையும் அளவு முற்றிலும் இறங்கும்வரை குறைத்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரை பலவற்றிலும் ஃபோலிக் அமிலம் கலந்திருக்கும் என்பதால் அட்டையை மருத்துவரிடம் காட்டிக் கேட்ட பிறகே சாப்பிடுங்கள். வலிக்குப் பாரசிட்டமால் போதும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம். மது கூடாது, கடும் வெயிலில் நிற்கக் கூடாது, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை உடலுறவும் கூடாது. ஊசிக்குப் பின் மூன்று மாதமாவது மீண்டும் கருத்தரிக்காமல் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு ஃபோலிக் அமில மாத்திரையை மறுபடி தொடங்குங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, வெட்டும் தையலும் இல்லாததால் உங்களை யாரும் நோயாளியாகவே பார்க்க மாட்டார்கள் என்பதுதான் என் கவலை. சோர்வும் குமட்டலும் முதல் வாரத்தில் இருக்கும். அந்த வாரமாவது முழு விடுப்பு எடுங்கள். பிறகு வேலை செய்தாலும், பரிசோதனை நாட்களை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எல்லாம் முடிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். என் மனைவிக்கு இரண்டு மாதம் முன்பு இடது குழாயை எடுத்தார்கள். உடம்பு தேறிவிட்டது, வங்கி வேலைக்கும் போகிறாள். ஆனால் இரவில் தூங்குவதில்லை. லேசாக வயிறு வலித்தாலும் நடுங்குகிறாள். பைக்கில் கூட்டிப்போனதால்தான் இப்படி ஆனது என்று என் அம்மா சொல்கிறார். அந்தக் கருவை எடுத்துக் கருப்பையில் வைத்திருக்க முடியாதா என்றும் அவள் கேட்கிறாள். இனிக் குழந்தை பிறக்குமா?

பதில்: பைக்கில் போனதாலோ, மாடி ஏறியதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ கரு குழாயில் தங்குவதில்லை. கருவுற்ற முட்டை குழாயில் பயணம் செய்யும் முதல் சில நாட்களிலேயே, அதாவது நாள் தள்ளிப்போவதற்கு முன்பே, இது முடிவாகிவிடுகிறது. குழாயில் முன்பு ஏற்பட்ட கிருமித் தொற்று, நம் நாட்டில் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் காசநோய், முந்தைய குழாய் அறுவை சிகிச்சை, புகைப்பழக்கம் ஆகியவை காரணமாகலாம். பாதிப் பேருக்கு எந்தக் காரணமும் தெரிவதில்லை. இதை உங்கள் அம்மாவிடம் நீங்களே, உங்கள் மனைவியின் முன்னால் சொல்லுங்கள். மருத்துவர் சொல்வதைவிட அதற்குப் பலன் அதிகம்.

குழாயில் ஒட்டிய கருவை எடுத்துக் கருப்பையில் நடும் முறை மருத்துவத்தில் இல்லை. வெடித்த குழாயைக் கட்டி அகற்றி உயிரைக் காக்கும் அறுவை சிகிச்சையை 1883-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் லாசன் டெய்ட் செய்து காட்டினார். அதற்கு முன் இந்த நிலையில் பெண்கள் பெரும்பாலும் இறந்தே போனார்கள். உங்கள் மனைவிக்குச் செய்யப்பட்டது அவர் உயிரைக் காப்பதற்காகவே என்பதை அவருக்கு ஒரு முறைக்கு இரு முறை சொல்லுங்கள்.

அவருடைய அச்சத்தை மனபலம் இல்லாமை என்று எண்ண வேண்டாம். லண்டன் மருத்துவமனைகளில் கருச்சிதைவோ கருக்குழாய்க் கர்ப்பமோ கண்ட 650-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2020-இல் வெளியான ஆய்வில், ஒரு மாதத்துக்குப் பின் 29 சதவீதம் பேருக்கும், ஒன்பது மாதத்துக்குப் பின்னும் 18 சதவீதம் பேருக்கும், விபத்தில் தப்பியவர்களுக்கு வருவதைப் போன்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் இருந்தது. தூக்கமின்மை, திடுக்கிடல், அந்த நாளே மறுபடி மறுபடி கண்முன் வருவது ஆகியவை அதன் அடையாளங்கள். இரண்டு மாதமாகியும் இவை குறையவில்லை என்பதால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வங்கியில் கவுன்ட்டர் வேலையில் மனம் ஒன்றவில்லை என்றால் மீண்டும் சில நாள் விடுப்பு எடுப்பதில் தவறில்லை. வேலைக்குப் போய்விட்டதாலேயே உடம்பும் மனமும் முழுவதும் தேறிவிட்டதாக வீட்டில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்வது பல குடும்பங்களில் நான் காணும் பிழை.

குழந்தையைப் பற்றி: ஒரு குழாய் இருந்தாலும் கருத்தரிக்க முடியும்; எதிர்ப்பக்கச் சினைப்பையிலிருந்து வரும் முட்டையைக் கூட எஞ்சிய குழாய் சில வேளைகளில் பிடித்துக்கொள்கிறது. இதைக் கடந்து வந்து குழந்தைக்கு முயல்கிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஒன்றரை இரண்டு ஆண்டுக்குள் இயல்பாகவே கருவுறுகிறார்கள். மீண்டும் குழாயில் தங்கும் வாய்ப்பு பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. எடுத்த குழாயைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த அறிக்கையை வாங்கி, காசநோயின் அடையாளம் உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மனைவியின் ரத்த வகை நெகட்டிவ் என்றால், அறுவை சிகிச்சை நடந்த 72 மணி நேரத்துக்குள், ரத்த வகை முரண்பாட்டால் அடுத்த கருவுக்குத் தீங்கு வராமல் காக்கும் ஆன்டி-டி ஊசி போடப்பட்டதா என்பதையும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் பாருங்கள். இரண்டு மாதவிலக்காவது வந்து, ஹீமோகுளோபினும் சரியாகி, அவரும் மனத்தளவில் ஆயத்தமான பின் முயலலாம். அடுத்த முறை நாள் தள்ளிப்போனால் சிறுநீர்ப் பரிசோதனையோடு நின்றுவிடாமல், அந்த வாரமே மருத்துவரிடம் பழைய கோப்பைக் காட்டி பீட்டா எச்.சி.ஜி. பாருங்கள், ஆறாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்து, கரு கருப்பைக்குள் இருப்பதைத் திரையில் அவர் கண்ணாலேயே பார்க்கும்படி செய்யுங்கள். அன்று நீங்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் போங்கள்.